வெடிப்பு இருந்துச்சுன்னு நான் சொன்ன நாள்

நாலு வருஷம் நாங்க பாதி வீட்டுல குடியிருந்தோம். முன்பக்கம் வீடு, பின்பக்கம் தார்ப்பாய். மழை பெஞ்சா தார்ப்பாய் அடிச்சுக்கிற சத்தத்துல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது. வெயில் அடிச்சா அதுக்கடியில நின்னு சோறு வடிக்க முடியாது. அந்த நாலு வருஷத்துல நான் ஆண்டவர்கிட்ட கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், கேஸ் ஜெயிக்கணும். அதை நான் எப்படிக் கேட்டேன், அவர் எனக்கு எப்படிப் பதில் குடுத்தாருன்னு சொல்லத்தான் இன்னிக்கு இந்தச் செபக் கூட்டத்துல உங்க முன்னாடி நிக்கறேன். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்.

என் பேரு பிலோமின். பாண்டி ரெட்டியார்பாளையத்துல இருக்கேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை. என் வீட்டுக்காரர் அந்துவான், தேங்காய்த்திட்டு ஹார்பர்கிட்ட ஒரு ஐஸ் பிளான்ட்டுல மெக்கானிக்கா இருந்தாரு. எங்களுக்கு ஒரே பொண்ணு, ரோசலி.

2002ல நாங்க வீடு வாங்கினோம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர், பிள்ளைங்களோட இருக்கணும்னு பிரான்சுக்கே கிளம்பிட்டாரு. அவரோட வீடு அது. பழைய வீடுதான், மரக்கட்டை மேல செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்டது. பேங்க்ல கடன் வாங்கித்தான் முடிச்சோம். கடன் குடுக்கணும்னா வீட்டுக்கு இன்சூரன்சும் போட்டாகணும்னு பேங்க்ல சொன்னாங்க. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்துல எல்லாம் ரெண்டு பேரும் போட்டோம். எதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாக்கல. சொந்த வீடுன்னு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான் தெரிஞ்சுச்சு.

அந்த வீட்டுல ஒரு குறை இருந்துச்சு. சமையக்கட்டுப் பின்சுவத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு. விரல் போகாது. ஆனா ஒரு காசைச் சொருகி வெக்கலாம், அந்த அளவுக்கு. பால் காய்ச்சறதுக்கு முந்தின வாரம் ஏழுமலைன்னு ஒரு கொத்தனாரை வெச்சு அதைக் கொத்திப் பூசினோம். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துலேர்ந்து வர்றவரு. சுண்ணாம்பு அடிச்சதும் வெடிப்பு இருந்த இடமே தெரியல. அப்புறம் அதை நாங்க நெனைச்சுக்கூடப் பாக்கல.

2005 மழையைப் பத்தி பாண்டியில இருந்தவங்க யாருக்கும் நான் சொல்லத் தேவையில்ல. எங்க தெருவுக்குப் பின்னாடி ஓடற வாய்க்கால் ரொம்பி, தோட்டத்துப் பக்கம் முழங்கால் அளவு தண்ணி ஏறிடுச்சு. நாலு நாள் எறங்கல. நாலாம் நாள் காலையில நான் முன் ரூம்ல உக்காந்து ரோசலிக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். ஸ்கூல் லீவுதான். கை சும்மா இருக்கக் கூடாதுன்னு பின்னிக்கிட்டு இருந்தேன். அந்துவான், சமையக்கட்டுல தண்ணி வந்துடுச்சு, கேஸ் சிலிண்டரைத் தூக்கி மேல வெச்சுட்டு வரேன்னு போனாரு.

பெரிய சத்தம்னு சொல்ல முடியாது. ஈர மூட்டையை மேலேர்ந்து போட்ட மாதிரி ஒரு சத்தம். "பிலோ"ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாரு.

நான் ஓடிப் போனப்ப சமையக்கட்டு இருந்த இடத்துல வானம் தெரிஞ்சுச்சு. பின்சுவர் உள்பக்கமா சாஞ்சு, கூரையையும் பக்கத்து ரூமையும் சேத்து இழுத்துக்கிட்டு எறங்கியிருந்துச்சு. அவர் வாசப்படிகிட்ட கெடந்தாரு. இடது கால் மட்டும் கல்லுக்கு அடியில. அக்கம்பக்கத்து ஆளுங்க கடப்பாரையால நெம்பி அவரை வெளிய எடுத்தாங்க. முழங்காலுக்குக் கீழ ரெண்டு இடத்துல எலும்பு முறிஞ்சிருந்துச்சு. கம்பி வெச்சாங்க. உயிர் பொழைச்சாரே, அதுக்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். வாயால சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு இன்சூரன்ஸ் கம்பெனி சார்பா சேதத்தை அளக்க ஒரு சர்வேயர் வந்தாரு. டேப் வெச்சு அளந்தாரு, போட்டோ எடுத்தாரு. கல்லுக்குவியல்ல ஒரு துண்டைக் குனிஞ்சு எடுத்துத் திருப்பிப் பாத்தாரு. பழைய சுண்ணாம்புக் காரைக்கு நடுவுல ஒரு பட்டை சிமெண்ட் இருந்துச்சு.

"மேடம், இந்தச் சுவத்துல முன்னாடியே வெடிப்பு எதுவும் இருந்துச்சா?"ன்னு கேட்டாரு.

இருந்துச்சுன்னு சொன்னா பணம் வராதுன்னு யாரும் என்கிட்ட சொல்லல. நானா பயந்துக்கிட்டேன். "இல்லீங்க சார்"ன்னு சொன்னேன்.

அவர் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

அடுத்த வருஷம் தவக்காலத்துல கடுதாசி வந்துச்சு. சுவத்துல ஏற்கெனவே இருந்த குறையை மறைச்சுப் பாலிசி எடுத்திருக்கீங்க, அதனால பணம் தர முடியாதுன்னு எழுதியிருந்தாங்க. அந்துவான் கட்டில்ல படுத்துக்கிட்டே அதை ரெண்டு தடவை படிச்சாரு. ஐஸ் பிளான்ட்டுல கால் சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. கால் சரியாகல. அக்குள்ல கட்டை வெச்சுத்தான் நடந்தாரு. ஈரத் தரையில கட்டை வழுக்கும், அங்க அவரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? வேற ஆளைப் போட்டுட்டாங்க. பேங்க் தவணை மட்டும் எங்களை மறக்கல. என் சம்பளத்துல முக்கால்வாசி அதுக்கே போச்சு.

ரோசலி அப்ப எட்டாவது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கதவு கெடையாது, ஜன்னல் கெடையாது. வயசுக்கு வந்த பொண்ணை அங்க எப்படி வெச்சுக்க முடியும்? கருவடிக்குப்பத்துல என் அக்கா அமலி இருக்கா. "கேஸ் முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும்டி"ன்னா. ஆறு மாசம்னு நெனைச்சு அனுப்பினேன்.

நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டோம். வக்கீல் பேரு சிவநேசன். நல்ல மனுஷன். முதல் நாளே என்னைக் கேட்டாரு.

"அம்மா, வெடிப்பு இருந்துச்சா இல்லியா? எங்கிட்ட மட்டும் மறைக்காதீங்க."

"இல்ல சார்."

ரெண்டாவது தடவை. அவர் அதை நம்பி, என் வீட்டுச் சுவத்துல எந்தக் குறையும் இருந்ததே இல்லைன்னு பிரமாணப் பத்திரம் எழுதினாரு. நான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சே போட்டேன்.

அதுக்கப்புறம் வாய்தா. கோர்ட்டுக்குப் போனவங்களுக்கு அந்த வார்த்தையோட அர்த்தம் தெரியும். டியூட்டியை மாத்திக்கிட்டு, சோத்து டப்பாவைக் கட்டிக்கிட்டு, அந்துவானைக் கையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போவேன். பெஞ்சுல உக்காந்திருப்போம். நம்ம கேஸ் நம்பரைக் கூப்பிடுவாங்க. எழுந்து நிப்போம். ரெண்டு நிமிஷத்துல அடுத்த தேதி சொல்லிடுவாங்க. ஒரு தடவை அவங்க வக்கீல் வரல. ஒரு தடவை எங்க வக்கீலுக்கு உடம்பு சரியில்ல. ஒரு தடவை ஏதோ பேப்பர் கொறையுதுன்னாங்க.

அவர் ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றதை நிறுத்திட்டாரு. நான் கூப்பிட்டா, "நீ போ, என் பேரையும் சேத்துச் சொல்லிட்டு வா"ம்பாரு. கோவமா சொல்ல மாட்டாரு. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கும். கோவப்பட்டிருந்தா சண்டை போட்டிருக்கலாம்.

ரோசலி ஞாயித்துக்கிழமை வருவா. வரும்போதே நல்ல பாவாடை சட்டை போட்டுக்கிட்டு, கையில அக்கா குடுத்த பிஸ்கெட் பாக்கெட்டோட, விருந்தாளி மாதிரி வருவா. ஒருநாள் முன் ரூம்ல நின்னுக்கிட்டு, "அம்மா, தண்ணி எடுத்துக் குடிச்சுக்கவா?"ன்னு கேட்டா. நான் எடுத்துக்கோடின்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். சொந்த வீட்டுல தண்ணி குடிக்கக் கேக்கணும்னு என் பொண்ணு எங்க கத்துக்கிட்டா? ஆறு மாசம்னு அனுப்பினது அப்ப ரெண்டு வருஷம் ஆயிடுச்சு.

நான் செபம் பண்ணாத நாள் இல்ல. நம்ம செபக் குழுவுல எத்தனை பேர் எனக்காக உபவாசம் இருந்து ஒறுத்தல் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். செபமாலை சொல்லுவேன். வியாழக்கிழமை ஆராதனைக்குப் போவேன். ஆனா செபத்துல உக்காந்தா எனக்கு ஒரு இடத்துக்கு மேல போகாது. சுவரைப் பத்தி ஆண்டவர்கிட்ட பேச முடியாது. பணம் வேணும், நியாயம் வேணும்னு கேப்பேன், சுவர்னு வந்ததும் செபமாலையில அடுத்த மணிக்குத் தாவிடுவேன். ஏன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டேன்.

2008ல வக்கீல் போன் பண்ணிக் கூப்பிட்டாரு. மேஜை மேல ஒரு பேப்பரை என் பக்கமா நகத்தி வெச்சாரு. கம்பெனிக்காரங்க கொத்தனார் ஏழுமலையைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டாங்க. பின்சுவத்துல வெடிப்பு இருந்துச்சு, நான்தான் பூசினேன்னு அவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தாரு. அடுத்த வாய்தாவுக்குச் சாட்சி சொல்ல வரப் போறாருன்னாரு.

"அம்மா, இப்பவாவது சொல்லுங்க."

"அந்த ஆளு பொய் சொல்றான் சார். காசு வாங்கியிருப்பான்."

மூணாவது தடவை. ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னொரு மனுஷன் மேல பழி போட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் நான் என்ன செபம் பண்ணேன் தெரியுமா? சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்லிடறேன். அந்த ஏழுமலைக்கு வாய்தா அன்னிக்குக் காய்ச்சல் வரணும், அவர் கோர்ட்டுக்கு வரக் கூடாதுன்னு மாதாகிட்ட கேட்டேன். செபமாலையைக் கையில வெச்சுக்கிட்டு அதைக் கேட்டேன்.

கேட்டுட்டும் நிம்மதியில்ல. அவரையே பாத்துப் பேசிடலாம்னு ஒரு லீவு நாள்ல பஸ் ஏறிப் போனேன். அவர் வீட்டுல இல்ல, கழனியில இருக்காருன்னாங்க. நாத்து நடவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. என்னை வரப்புல பாத்ததும் சேத்துக் கையோட மேல ஏறி வந்தாரு.

"வாங்க அக்கா. மாமாவுக்குக் கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு.

நான் கால் பத்தி எதுவும் சொல்லல. "ஏன் ஏழுமலை இப்படிப் பண்ண? நாங்க ஒனக்கு என்ன கெடுதல் பண்ணோம்?"னு கேட்டேன். கேக்கும்போதே அழுகை வந்துடுச்சு.

அவர் கையைத் துண்டுல தொடைச்சாரு. "அக்கா, ரெண்டு பேர் வந்தாங்க. இந்த வீட்டுல வேலை பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேன்னு சொன்னேன். வெடிப்பு இருந்துச்சான்னு கேட்டாங்க. இருந்துச்சுன்னு சொன்னேன். கேஸுன்னே எனக்குத் தெரியாது."

"காசு குடுத்தாங்களா?"

"ஒரு டீ வாங்கிக் குடுத்தாங்க." அவர் முகம் சுருங்கிடுச்சு. "பூசினது நான்தான அக்கா. நீங்கதான நின்னு பாத்தீங்க. கொத்திப் பூசினா தாங்கும்னு நான்தான சொன்னேன். அந்தச் சுவரு மாமா மேல விழுந்துச்சுன்னு கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. நீங்க இப்ப என்னைப் பொய் சொல்லச் சொன்னா சொல்றேன். என்னால கெட்டுச்சுன்னு நெனைச்சுக்கிட்டு சொல்றேன். சொல்லணுமா?"

நான் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிட்ட மனுஷன் எனக்காகப் பொய் சொல்லவும் தயாரா நிக்கறாரு. "வேணாம்"னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். அவர் வீட்டம்மா பின்னாடியே ஓடி வந்து ஒரு சொம்பு மோர் குடுத்தாங்க. குடிச்சேன்.

மறுநாள் எனக்குப் பகல் டியூட்டி. ஆஸ்பத்திரியில மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து மூணு வரைக்கும் போன் அதிகமா வராது. அந்தச் சின்ன ரூம்ல, ஹெட்போனைக் கழுத்துல போட்டுக்கிட்டு, நான் கண்ணை மூடினேன். ஜெயிக்கணும்னு கேக்கல. கேக்கத் தெம்பு இல்ல. "ஆண்டவரே, நான் களைச்சுப் போயிட்டேன். வெடிப்பு இருந்துச்சு. எனக்குத் தெரியும். இதைத் தூக்கிச் சொமக்க முடியல. நீங்க எடுத்துக்குங்க"ன்னு சொன்னேன்.

மூணு வருஷத்துல முதல் தடவையா சுவரைப் பத்தி அவர்கிட்ட பேசினேன்.

வானத்துலேர்ந்து எந்தக் குரலும் வரல. யாரோ கூப்பிட்டாங்க, எலும்பு டாக்டருக்கு லைன் குடுத்தேன். ஆனா லைன் குடுத்துட்டுத் திரும்பினப்ப, சொல்லிடணும்னு ஒரு முடிவு எனக்குள்ள வந்து உக்காந்திருந்துச்சு. நான் எடுத்த முடிவு மாதிரி இல்ல. அன்னிக்கு ராத்திரி படுத்தேன், விடிஞ்சுதான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கே தெரியல.

அந்துவான்கிட்ட சொன்னேன். ஒரு பழைய மிக்ஸியைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கால் முடங்கினதுக்கப்புறம் அந்த மாதிரி ரிப்பேர் வேலைதான் வீட்டுலேர்ந்து செஞ்சுக்கிட்டு இருந்தாரு.

"சொல்லிட்டா கேஸ் போச்சு, தெரியும்ல?"ன்னாரு.

"தெரியும்."

"இந்தத் தார்ப்பாய்க்குள்ளதான் சாகணும்."

"ஆமாங்க."

அவர் திருகாணியைக் கையில வெச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு. ரொம்ப நாள் கழிச்சு என்னை நிமிந்து பாத்தாரு. "சொல்லிடு பிலோ. நானும் வரேன்"ன்னாரு.

வக்கீலுக்குக் கோவம் வந்துச்சு. வரத்தான் செய்யும். "ரெண்டு தடவை கேட்டேனேம்மா! இப்ப சொன்னா நீங்க குடுத்த பிரமாணப் பத்திரமே பொய்னு ஆகும். கேஸ் விழுறதோட போகாது"ன்னாரு. வேற வக்கீலைப் பாத்துக்குங்கன்னு சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "சரி, நானும் நிக்கறேன். வாங்க"ன்னாரு.

வாய்தா அன்னிக்கு ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு கடைசிப் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எங்க வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் ஒண்ணு சொல்ல விரும்பறாங்கன்னாரு. கோர்ட்டுத் தலைவர், வயசான நீதிபதி, என்னைப் பாத்துச் சொல்லுங்கன்னாரு.

"ஐயா, சுவத்துல வெடிப்பு இருந்துச்சு. இல்லைன்னு நான் சொன்னது பொய். அந்தக் கொத்தனார் சொல்றதுதான் உண்மை. எங்க வக்கீலுக்கு இது தெரியாது. பொய் என்னோடது."

கம்பெனி வக்கீல் உடனே எழுந்து, அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க, இதோட முடிச்சுடலாம்னாரு. தலைவர் கையைக் காட்டி அவரை உக்காரச் சொன்னாரு. என் பக்கம் திரும்பினாரு.

"ஏம்மா மறைச்சீங்க?"

"பயம்யா."

"பாலிசி எடுக்கும்போதும் மறைச்சீங்களா?"

இப்படி ஒரு கேள்வி வரும்னு நான் யோசிக்கவே இல்ல. பாலிசி எடுத்தப்ப என்ன நடந்துச்சு? அங்க நின்னுக்கிட்டேதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. "இல்லீங்கய்யா. அப்ப மறைக்கல. கடன் குடுக்கறதுக்கு முன்னாடி பேங்க்லேர்ந்து வீட்டை மதிப்புப் போட ஒரு இன்ஜினியர் வந்தாரு. அப்ப பூசவே இல்ல, வெடிப்பு பளிச்சுனு தெரிஞ்சுச்சு. நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பூசிடுவோம்னு சொன்னேன். அவர் பேப்பர்ல எழுதிக்கிட்டாரு."

எங்க வக்கீல் சடார்னு என் பக்கம் திரும்பினாரு. "இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"ன்னு மெதுவா கேட்டாரு. எப்படிச் சொல்லுவேன்? வெடிப்பே இல்லைன்னு சொன்னவ, அந்த வெடிப்பைக் காட்டினேன்னு எப்படிச் சொல்ல முடியும்? என்னைக் காப்பாத்தக் கூடிய ஒரே சாட்சியத்தை என் பொய்யே மூடி வெச்சிருந்துச்சு.

பேங்க் ஃபைலைக் கொண்டு வரச் சொல்லித் தலைவர் உத்தரவு போட்டாரு. அடுத்த வாய்தாவுக்கு ஃபைல் வந்துச்சு. அந்த இன்ஜினியரோட அறிக்கையில, ரெண்டாம் பக்கத்துக் கடைசியில, பேனாவால ஒரு வரி இருந்துச்சு. சமையலறைப் பின்சுவரில் பழைய வெடிப்பு உள்ளது, வாங்குபவர் காட்டினார், பூசுவதாகச் சொல்கிறார்னு. அந்தப் பேப்பர்ல இன்சூரன்ஸ் கம்பெனியோட சீல் இருந்துச்சு. பாலிசி குடுத்தப்பவே அந்த அறிக்கையோட நகலை வாங்கிக்கிட்டுத்தான் குடுத்திருக்காங்க. ஒருத்தரும் படிக்கல. நாங்களும் படிக்காமத்தான கையெழுத்துப் போட்டோம், அவங்களை நான் என்ன சொல்றது!

அந்த வருஷக் கடைசியில தீர்ப்பு வந்துச்சு. குறை இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சே பாலிசி குடுத்திருக்காங்க, அதனால மறைச்சாங்கன்னு இப்ப சொல்ல முடியாது, சுவர் விழுந்தது வெள்ளத்தாலதான், பணம் குடுக்கணும்னு சொன்னாங்க. ஆனா அந்தப் பழைய சுவத்துக்கான பங்கைக் கழிச்சுக்கிட்டுத்தான். தலைவர் என்னையும் விடல. "முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வீடு கட்டியிருப்பீங்கம்மா. கோர்ட்டு நேரத்தையும் வீணாக்கிட்டீங்க"ன்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரு. பொய்ப் பத்திரம் குடுத்ததுக்காகச் செலவுத் தொகையும் நஷ்ட ஈடும் எனக்குக் கெடையாதுன்னு எழுதிட்டாரு. நான் தலையாட்டினேன். அவர் சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.

கம்பெனி அப்பீல் போனாங்க. மறுபடியும் பெஞ்சு, மறுபடியும் தேதி. ஆனா இந்தத் தடவை என் மடியில கனம் இல்ல. பெஞ்சுல உக்காந்துக்கிட்டே செபமாலை சொல்லுவேன், எந்த மணியிலயும் தாவ வேண்டியதில்ல. 2009ல அப்பீல் தள்ளுபடி ஆச்சு. கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்துல செக் வந்துச்சு.

சுவர் எழுப்ப ஏழுமலையைத்தான் கூப்பிட்டேன். "என்னைக் கூப்புடுவீங்கன்னு நெனைக்கல அக்கா"ன்னாரு. அவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்க வேண்டியிருந்துச்சு. காய்ச்சல் விஷயத்தையும் சேத்தே சொல்லிட்டேன். அவர் சிரிச்சாரு. "அந்த வாரம் எனக்கு நெஜமாவே காய்ச்சல் வந்துச்சுக்கா. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்தேன்"ன்னாரு. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னா அது இன்னொரு பொய். அந்துவான் கால் சரியாகல, கட்டை வெச்சுத்தான் நடக்கறாரு. ஐஸ் பிளான்ட் வேலை போனது போனதுதான். ரோசலி திரும்பி வந்துட்டா, ஆனா எட்டாவது படிச்ச பொண்ணை அனுப்பினேன், பிளஸ் டூ படிக்கற பொண்ணு திரும்பி வந்தா. நடுவுல அவ எப்ப வளந்தான்னு எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிடிச்ச கறி எதுன்னு நான் அக்காவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வருஷங்களை யாரும் திருப்பித் தர மாட்டாங்க. அதுல பாதி என் வாயால போனது. அந்துவான் இப்ப பூசைக்கு வராரு. கடைசி வரிசையில உக்காருவாரு, காலை நீட்டிக்க இடம் இருக்கும்னு. வராரு, அது போதும் எனக்கு.

நான் இன்னும் களைப்பாத்தான் இருக்கேன். ஆனா ராத்திரியில தூக்கம் வருது. ஆண்டவர் எனக்குக் குடுத்த முதல் பதில் அந்தத் தூக்கம்தான். செக்கெல்லாம் அப்புறம் வந்தது. நான் தோத்துடுவேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்த அன்னிக்கே அதை அவர் குடுத்துட்டாரு. அதுக்காக இயேசுவுக்கும், எனக்காக அழுத நம்ம மாதாவுக்கும், ஒரு வார்த்தை கேக்காம எனக்காக முழந்தாள் போட்ட உங்க எல்லாருக்கும் நன்றி சொல்றேன்.

இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல யாருக்கோ ஒரு கேஸ் இருக்கும். யாருக்கோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு இருக்கும். பிள்ளையால ஒரு கவலை இருக்கும். கேளுங்க, அவர் கேக்கறாரு, அதுக்கு நான் சாட்சி. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி, நீங்க அவர்கிட்ட எதைச் சொல்லாம தாவித் தாவிப் போறீங்களோ, அதை முதல்ல சொல்லிடுங்க. அவருக்குத் தெரியாம இல்ல. நீங்க சொல்லட்டும்னுதான் உக்காந்திருக்காரு. நான் அவரை மூணு வருஷம் காக்க வெச்சுட்டேன். நீங்க இன்னிக்கே சொல்லிடுங்க.